மற்றும் ஒருவர்

இசோஹமா
9 பிப்ரவரி 1979

ஹருயே சானுக்கு,

பனி எப்படி, உடம்பு எப்படி என்று விசாரித்துத் தொடங்குவதுதான் மரியாதை. அந்த மரியாதையை இன்றைக்கு என்னால் காட்ட முடியாது. என் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பல் நான்கு போய்விட்டது. கஞ்சித் தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சுகிறேன். வாயைத் திறக்க முடியாததால்தான் இந்தக் கடிதம். முடிந்திருந்தால் உங்கள் விடுதிக்குத் தொலைபேசி போட்டுக் கத்தியிருப்பேன்.

என் சீப்பை அனுப்பி வைத்தது நீங்கள்தானே?

டிசம்பரில் உங்கள் வெந்நீரூற்று விடுதியில் தனியாக ஐந்து நாள் தங்கியபோது கண்ணாடிக்கு முன்னால் மறந்து வைத்துவிட்டு வந்த சீப்பு. அதை வெள்ளைத் தாளில் மடித்து, துணியில் சுற்றி, பெட்டியில் போட்டு என் புருஷன் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். கூடவே ஒரு சீட்டு. அதை அவன் எனக்குப் படித்துக் காட்டினான். என் நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டு, இரண்டு தடவை. "வீடு திரும்பிவிட்டீர்கள் என்று கேட்டு நிம்மதி. இந்தக் குளிரில் இசோஹமாவின் கணவாய் மீன் தொழிற்சாலை உங்கள் கைக்கு ஆகாது." உங்கள் கையெழுத்து அழகாக இருந்தது. அதையும் அவன் சொன்னான்.

ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை. தொழிலாளர் விடுதியின் பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். என் புருஷன் ஹிசாவோ வந்தான். கோட்டைக் கழற்றி ஒழுங்காக மடித்துக் கொடியில் போட்டான். பிறகு என் தலைமுடியைப் பிடித்துத் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் முகத்தை மோதினான். எத்தனை தடவை என்று தெரியாது. கணவாய் கிழிக்கும் கத்தி பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்து வீசினேன். அவன் இடது காது பாதி அறுந்து தொங்கியது. எனக்கு வருத்தமே வரவில்லை. குறி தவறிவிட்டதே என்றுதான் இருந்தது. நான் கழுத்துக்கு வீசினேன்.

போலீஸ்காரர் வந்து என் வாயிலிருந்து ரத்தம் கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "புருஷன் பொண்டாட்டி சண்டைன்னா நாங்க வர்றதே இல்லம்மா. ஆனா கத்தி எடுத்தது நீங்கதானே?" இப்போது நான் குற்றவாளி. அவன் புகார்தாரர்.

என்னைத் தேடிப் பதினோரு இடங்களுக்குத் தொலைபேசி போட்டதாக ஹிசாவோ பெருமையாகச் சொன்னான். நாங்கள் எப்போதோ தங்கிய விடுதிகள், என் பள்ளித் தோழி வீடு, சித்தி வீடு. எல்லா இடத்திலும் ஒரே கேள்வி: "என் மனைவி அங்க ஏதோ மறந்துட்டு வந்துட்டாளாம், இருக்கா?" பத்துப் பேர் இல்லை என்றார்கள்.

எதற்காக அனுப்பினீர்கள்? வேறு எதுவும் எழுத வேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள்.

குபோ மினெகோ
(நீதிமன்றத் தாள்களில் இன்னும் ஒனுமா மினெகோ)


யுனோசாவா
16 பிப்ரவரி 1979

மதிப்பிற்குரிய மினெகோ அம்மாவுக்கு,

இங்கே கூரைவரை பனி. இதை எழுதிய பிறகுதான் நீங்கள் சொன்னது நினைவுக்கு வருகிறது. அடித்துவிட்டால் தாள் அசிங்கமாகிவிடும், அப்படியே விடுகிறேன். மன்னியுங்கள்.

நான்தான் அனுப்பினேன்.

எங்கள் விடுதியில் மறந்த பொருட்களுக்கென்று ஓர் அலமாரி உண்டு. பல்செட், கழுத்துப்பட்டை, பெண்ணின் ஒற்றைக் காதணி, ஒருமுறை ஒரு புத்தர் கோவிலின் தாயத்து. எதையும் நாங்களாக அனுப்ப மாட்டோம். விருந்தினர் கேட்டால் மட்டுமே அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடம் வைத்திருந்து எரித்துவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே முதலாளியம்மா சொல்லிக்கொடுத்த விதி இது. வேறு பெண்ணோடு வந்த ஆம்பிளையின் வீட்டுக்கு எதையாவது அனுப்பி வைத்தால் குடும்பம் சிதறும் அல்லவா, அதற்காக.

நான் விதியை மீறவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது. உங்கள் கணவர் கேட்டார். குரல் எவ்வளவு பணிவாக இருந்தது தெரியுமா. "அலையவிடுறேன், மன்னிச்சுக்கோங்க அக்கா" என்றார். நீங்கள் இருவரும் வந்து தங்கிய அக்டோபர் பதிவேட்டில் விருந்தினர் என்று இருப்பது அவர் பெயர்தான். விருந்தினர் கேட்டார், அனுப்பினேன்.

டிசம்பரில் நீங்கள் வேறு பெயர் எழுதியபோதே உங்களை எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் வேலை கிடைத்ததைச் சொன்னபோது சந்தோஷப்பட்டேன். ஆனால் தனியாக வந்து அழுத பெண்களைப் பதினேழு வருடமாகப் பார்க்கிறேன். எல்லாரும் ஒரு மாதத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அடுத்த வருடம் புருஷனோடு வந்து, என்னை முதன்முதலாகப் பார்ப்பது போலச் சிரிப்பார்கள். நீங்களும் திரும்பிவிட்டீர்கள் என்று நினைத்தேன். சமாதானமாகிவிட்டது என்று நினைத்தேன்.

அக்டோபரில் உங்கள் முதுகைப் பார்த்தவள் நான். பார்த்த பிறகும் அப்படி நினைத்தேன். இதற்கு மேல் என்ன எழுதுவதென்று தெரியவில்லை. உறைந்த கிழங்குக் கூழ் கொஞ்சம் அனுப்புகிறேன். மெல்ல வேண்டியதில்லை.

ஹருயே


இசோஹமா
27 பிப்ரவரி 1979

ஹருயே சானுக்கு,

கூழ் வந்தது. குடித்தேன். நன்றி சொல்ல மனம் வரவில்லை, ஆனால் குடித்தேன்.

நீங்கள் அக்டோபரைத் தொட்டுவிட்டு ஓடிவிட்டீர்கள். நான் முழுதாக எழுதுகிறேன், சரியா என்று பாருங்கள். மாலை ஆறு மணி. சாப்பாட்டு நேரம். சாமந்திப் படம் போட்ட அறை. நீங்கள் உப்பு தடவிச் சுட்ட மீனோடு கதவுக்கு வெளியே மண்டியிட்டிருந்தீர்கள். காகிதக் கதவில் உங்கள் நிழல் தெரிந்தது. பாதையில் ஒரு லாரி டிரைவருக்கு நான் தலைகுனிந்து வணக்கம் சொன்னேனாம், அதற்காக அவன் இடுப்புப் பட்டையைக் கழற்றியிருந்தான். நான் உங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டே அடி வாங்கினேன். நிழல் அசையவில்லை. முடிந்த பிறகு "உள்ளே வரலாமா" என்று கேட்டீர்கள். அவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்: "வாங்க அக்கா. மீன் ஆறிப்போச்சே, சமையல்காரர் தூங்கிட்டாரா?" நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்கள். மீன் ஆறியதற்கு.

மறுநாள் காலை எனக்குக் கை தூக்க வரவில்லை. குளியலறையில் முதுகு தேய்க்க வந்தீர்கள். பழைய காயம், புதுக் காயம், பட்டையின் கொக்கி பதிந்த அச்சு, எல்லாம் வெளிச்சத்தில் இருந்தது. என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "இந்தத் தண்ணி ரத்தக்கட்டுக்கு நல்லதுங்க."

ஏப்ரல் 20ஆம் தேதி என் வழக்கு. அரசாங்கம் கொடுத்த வக்கீல் நல்ல பையன், தூக்கம் போதாதவன். அவன் சொல்கிறான்: ஹிசாவோ சாலை போடும் நிறுவனத்தில் பிரிவுத் தலைவர், ஊரில் நல்ல பெயர். அவனுடைய வாக்குமூலத்தில், நான் எப்போதும் தடுக்கி விழுகிறவள், அக்டோபரில் விடுதிக் குளியலறையில் வழுக்கி விலா எலும்பை உடைத்துக்கொண்டவள், புத்தி பேதலித்து வீட்டை விட்டு ஓடியவள், தேடி வந்தவனைக் கத்தியால் வெட்டியவள். அதற்கு முன்பே அவன் என்னை அடித்தான் என்று சொல்ல உலகத்தில் ஓர் ஆள் வேண்டும். ஒரே ஓர் ஆள்தான் பார்த்திருக்கிறது.

எனக்குச் சிறை என்றால் பயமில்லை. வெளியே வரும் நாளில் வாசலில் அவன்தான் நிற்பான். குடும்பப் பதிவில் நான் அவன் பெண்டாட்டி. என்னைக் கூட்டிப்போக அவனுக்கு உரிமை இருக்கிறது, அதைத்தான் போலீஸ்காரரும் சொன்னார். கூட்டிப்போனால் இந்தத் தடவை முடித்துவிடுவான்.

உங்கள் பதிவேட்டில் விருந்தினர் அவன்தான் என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்குத் தெரியும். அவன் எழுதும்போது பக்கத்தில் நின்றேன். "ஒனுமா ஹிசாவோ, மற்றும் ஒருவர்." அந்த ஒருவருக்காக வந்து பேசுங்கள்.

மினெகோ


யுனோசாவா
8 மார்ச் 1979

மினெகோ அம்மாவுக்கு,

முதலாளியம்மாவிடம் கேட்டேன். சொல்லாமல் போய்விடலாம் என்றுகூட யோசித்தேன், முடியவில்லை. அவர் கூடத்தில் பூ அடுக்கிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "குளிக்கிற இடத்துல பார்த்ததை வெளியில பேசுற விடுதிக்கு எவன்டி வருவான்? துணி இல்லாம நம்பி வர்றாங்க. போறதுன்னா போ. திரும்பி வராதே."

அவர் கெட்டவர் இல்லை, மினெகோ அம்மா. நான் இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். பதினேழு வருடத்துக்கு முன்னால், இருபத்தொன்பது வயதில், நான் காலில் ஒற்றைச் செருப்போடு இந்த வாசலில் வந்து நின்றேன். என் புருஷன் மரம் வெட்டுகிறவன். அவன் என்னை எதைக் கொண்டு அடித்தான் என்று எழுத மாட்டேன். இடது காது கேட்காது, அது போதும். முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாத்திரம் கழுவத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். பெயர்கூட மூன்றாம் நாள்தான் கேட்டார். இரண்டு வாரம் கழித்து என் புருஷன் வந்து விசாரித்தபோது, அப்படி யாரும் இங்கே இல்லையே என்று தேநீர் ஊற்றிக் கொடுத்து அனுப்பினார். நான் அடுப்படியில் விறகுக்குப் பின்னால் இருந்தேன்.

இந்த வீட்டில் யாரும் எதுவும் பேசாததால்தான் நான் உயிரோடு இருக்கிறேன். பேசாதே என்று சொல்கிறவரை எப்படி எதிர்ப்பேன்? நான் தூங்கும் இடம் இங்கே, சாப்பிடும் கிண்ணம் இங்கே. வெளியே எனக்கு எதுவும் இல்லை. எனக்கு நாற்பத்தாறு வயது.

என்னால் வர முடியாது. இதை ஏழு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஹருயே


இசோஹமா
15 மார்ச் 1979

ஹருயே சானுக்கு,

அப்படியென்றால் உங்களுக்கு எல்லாம் தெரியும். அடி எப்படி விழும், எங்கே விழும், பிறகு எப்படி உட்கார வேண்டும் என்பதுவரை தெரியும். தெரிந்துதான் கதவுக்கு வெளியே மீனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் முதலாளியம்மா உங்களுக்காகப் புருஷனிடம் பொய் சொன்னார். அது மௌனமா? அவர் வாயைத் திறந்து, ஓர் ஆம்பிளையின் முகத்துக்கு நேராகப் பொய் சொல்லியிருக்கிறார். உங்களுக்காக ஒருத்தி அவ்வளவு செய்தாள். எனக்கு நீங்கள் சீப்பை அனுப்பினீர்கள்.

கம்பியைப் பிரித்துவிட்டார்கள். தாடை கோணலாகச் சேர்ந்திருக்கிறது. தொழிற்சாலையில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், ஆனால் கத்தி தர மாட்டேன் என்கிறார்கள். கழுவும் இடத்தில் போட்டிருக்கிறார்கள். பெண்கள் என்னைப் பார்த்து, "ஏய், காது வெட்டி, உப்பு எடு" என்கிறார்கள். சிரித்துக்கொண்டே மத்தியானச் சோற்றில் பாதியை எனக்கு வைக்கிறார்கள்.

இனி எழுத மாட்டேன்.

மினெகோ


மலையடி ஊர், சமையல்காரரின் தங்கை வீடு
1 ஏப்ரல் 1979

மினெகோ அம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

மார்ச் 29, வியாழக்கிழமை மத்தியானம் உங்கள் கணவர் விடுதிக்கு வந்தார். முன்பே சொல்லி அறை எடுத்திருந்தார். காதில் கட்டு. முதலாளியம்மாவுக்கு ஒரு பெட்டி இனிப்பு. பையில் ஒரு தாள். அக்டோபர் 14 அன்று அவர் மனைவி குளியல் தொட்டி ஓரத்தில் வழுக்கி விழுந்ததை விடுதிக்காரர்கள் பார்த்தார்கள் என்று தட்டச்சு செய்திருந்தது. முதலாளியம்மா நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்தார். பிறகு கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முத்திரையை எடுத்துக் குத்தினார். அதற்குக் கீழே என் கையெழுத்துக்கு ஓர் இடம் விட்டிருந்தது.

விழுந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார் உங்கள் கணவர். முதலாளியம்மா என்னைக் காட்டச் சொன்னார். பழைய விருந்தினர் போய், புது விருந்தினர் வராத நேரம். குளியலறையில் ஆள் இல்லை. அவர் பெண்கள் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பின்கதவைத் திறந்து ஊற்றுப் பெட்டிக்கு வந்தார். உங்களுக்குக் காட்டியிருக்கிறேன், நினைவிருக்கும். மலையிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் தண்ணீர் முதலில் விழும் மரப்பெட்டி, நாங்கள் முட்டை வேகப்போடும் இடம். அங்கே இருந்து ஆறித்தான் தொட்டிக்குப் போகும்.

தாளை நீட்டினார். "பார்க்கலைங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"எந்தக் கையால கையெழுத்துப் போடுவீங்க அக்கா?" என்று கேட்டார்.

"வலது கைங்க" என்றேன். விருந்தினர் கேட்டால் பதில் சொல்லிப் பதினேழு வருடப் பழக்கம்.

அந்தக் கையைப் பிடித்து முழங்கைவரை பெட்டிக்குள் வைத்தார். அவசரப்படவில்லை. இன்னொரு கையால் என் வாயைப் பொத்தியிருந்தார். தண்ணீருக்குள் என் விரல்கள் நிறம் மாறுவதைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே அன்றைக்கு நான் எவ்வளவு நேரம் காத்திருந்தேனோ அவ்வளவு நேரம் ஆனது போல இருந்தது. பிறகு இழுத்து வெளியே விட்டார். தோல் கையுறை மாதிரி தளர்ந்திருந்தது. அவர் சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டார். தன் கையாலேயே எனக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். எல்லாரும் ஓடி வந்தபோது, "பார்த்து வரக் கூடாதா அக்கா? இங்கெல்லாம் வழுக்கும்னு உங்களுக்குத் தெரியாதா" என்றார். முதலாளியம்மா அவருக்குத் தலைகுனிந்து நன்றி சொன்னார். சமையல்காரர் என்னை வேனில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோனார். மூன்று விரல் இனி மடங்காது என்கிறார்கள். விபத்துப் புத்தகத்தில், வழுக்கி விழுந்தாள் என்று எழுதியாகிவிட்டது.

அவர் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? அன்று அங்கேயே தங்கிக் கோழிச் சட்டி கேட்டுச் சாப்பிட்டாராம்.

மறுநாள் காலை ஏழரை மணிக்குக் கட்டுப் போட்ட கையோடு விடுதிக்குத் திரும்பினேன். வேலைக்காரிகள் விருந்தினர் தொட்டியில் இறங்கக் கூடாது. எல்லாரும் போன பிறகு மிஞ்சிய தண்ணீரில்தான் நாங்கள் குளிப்போம். நான் துணியைக் களைந்து, தொட்டிக்கு வெளியே உடம்பைக் கழுவி, விருந்தினர் தொட்டியில் இறங்கினேன். உள்ளே விவசாயக் கூட்டுறவுச் சங்கத்துப் பெண்கள் ஆறு பேர் இருந்தார்கள். உட்கார்ந்து கையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டேன். ஒரு பெண், நல்ல தடித்த குரல், "என்னக்கா கை? வழுக்கிட்டீங்களா?" என்றாள்.

ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் உள்ள பலகைத் தடுப்பு கூரைவரை போகாது. அந்தப் பக்கம் அவர் குளித்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆண்கள் பக்க வாசலின் துணிக்கூடையில் அவர் பெல்ட்டைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். கொக்கியை எனக்கு அடையாளம் தெரியும். உங்கள் முதுகில் பார்த்திருக்கிறேன்.

நான் வழுக்கவில்லை என்றேன். ஒரு காது கேட்காதவள், என் குரல் கொஞ்சம் பெரிதாகவே வரும். அன்றைக்கு இன்னும் பெரிதாக்கினேன். அவர் முழுப்பெயரைச் சொன்னேன். ஊர், நிறுவனம், பதவி. அக்டோபர் மாதம் சாமந்தி அறையில் கேட்ட சத்தம். நான் வெளியே எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பது. உங்கள் முதுகில் எங்கெங்கே, என்ன நிறத்தில், எது பழையது, எது புதியது. உங்களிடம் நான் சொன்னதைக்கூட, தண்ணி நல்லது என்றதை, அதையும் சொன்னேன். சீப்பை அனுப்பியது. உங்கள் தாடை. என் கை, யார் பிடித்தது, என்ன கேட்டார்.

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. பிறகு ஒவ்வொருவராகத் தொட்டியை விட்டு எழுவது கேட்டது. ஒருவன்கூட அவரைப் பிடித்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, மினெகோ அம்மா. அதை உங்களுக்கு அலங்கரித்து எழுத மாட்டேன். ஆனால் அவரோடு ஒரே தண்ணீரில் யாரும் உட்காரவில்லை. தடித்த குரல்காரி தடுப்பைப் பார்த்து, "ஒனுமா ஹிசாவோவா? காதுல கட்டுப் போட்ட ஆளுதானே? வெளிய வாங்க, முகத்தைப் பார்ப்போம்" என்றாள். இன்னொருத்தி எழுந்து, எனக்கு முதுகைத் திருப்பி, தோள்பட்டைக்குக் கீழே ஒரு பழைய தழும்பைக் காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

அவர் சாப்பிடாமல் போய்விட்டார். தடித்த குரல்காரியும் இன்னும் ஒருத்தியும், என் கையையும் நான் சொன்னதையும் வக்கீலிடம் வந்து சொல்கிறோம் என்று விலாசம் எழுதிக் கொடுத்தார்கள்.

முதலாளியம்மா பத்து மணிக்கு என் பொருட்களை வாசலில் கொண்டுவந்து வைத்தார். என் கண்ணைப் பார்க்கவில்லை. நானும் தலைகுனிந்து, இத்தனை வருடம் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொன்னேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

ஏப்ரல் 20 வருகிறேன். நீதிமன்றத்துக்கு எந்தப் பேருந்து என்று மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு எங்கே போவேன் என்று தெரியவில்லை. ஒரு கையால் பாத்திரம் கழுவலாம், பழகிக்கொண்டிருக்கிறேன்.

ஹருயே


இசோஹமா
5 ஏப்ரல் 1979

ஹருயே அக்கா,

இருபதாம் தேதிவரை அங்கே இருக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதேகாலுக்கு மலையடி ஊரிலிருந்து பேருந்து இருக்கிறது. கடைசி நிறுத்தத்தில் இறங்குங்கள். மீன் நாற்றம் அடிக்கும், அதுதான் ஊர். நான் நிற்பேன். முடியை ஒட்ட வெட்டிவிட்டேன், முகம் ஒரு பக்கம் இழுத்திருக்கும், அடையாளம் தெரியாவிட்டால் பயப்படாதீர்கள்.

வக்கீல் உங்கள் கடிதத்தைப் படித்தான். பிறகு, ஜெயிப்போம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இனி அவர்கள் சொல்வது மட்டும் கதை இல்லை என்றான். ஹிசாவோ உங்களைத் தேடி இங்கே வரக்கூடும். வரட்டும். தொழிற்சாலையில் நாற்பது பெண்கள் இருக்கிறோம், என்னைத் தவிர எல்லாருக்கும் கத்தி உண்டு.

உங்கள் மேல் எனக்கு இருந்த கோபம் முழுதாகப் போய்விடவில்லை. கதவுக்கு வெளியே அந்த நிழல் இன்னும் கனவில் வருகிறது. வந்த பிறகு அதைப் பற்றிச் சண்டை போடுவேன். பதில் சொல்லத் தயாராக வாருங்கள்.

நேற்றுத் தொழிலாளர் விடுதியை விட்டு, துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை எடுத்தேன். வீட்டுக்காரர் ஒரு படிவத்தை நீட்டி, குடியிருப்பவர் யார் என்று எழுதச் சொன்னார். என் பெயரை எழுதினேன். "கூட ஒருத்தர் வர்றாங்கன்னு சொன்னீங்களே, 'மற்றும் ஒருவர்'னு போட்டுட்டாப் போதும்" என்றார்.

இரண்டு பெயரையும் முழுதாக எழுதினேன்.

மினெகோ